ஷாக்கும் சைலன்சரும் இடிக்கும் இடம்

மோட்டார் சைக்கிளின் பின்பாதியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு முக்கோணம் தெரியும். பின் ஆக்சில் ஒரு முனை, ஷாக் அப்சர்பரின் மேல் போல்ட் இன்னொரு முனை, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் மூன்றாவது முனை. ஷாக், அதன் ஸ்பிரிங், சைலன்சர், செயின் கவர், பின் பிரேக் ஹோஸ், சாரி கார்டு என்று அத்தனையும் இந்தச் சிறிய இடத்துக்குள்தான் குடியிருக்கின்றன. வண்டியை வடிவமைத்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வாங்கிய ஷாக்கையோ சைலன்சரையோ மாட்டும்போது அந்தப் பங்கீடு கலைகிறது. பட்டறைகளில் ‘இடிக்குது’, ‘உரசுது’ என்று கேட்கும் புகார்களில் பெரும்பாலானவை இந்த முக்கோணத்துக்குள்தான் பிறக்கின்றன.

இந்தப் புகார் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஷாக் தயாரிப்பவர் தன் ஷாக்கை எந்த வண்டியில் மாட்டிப் பார்க்கிறார்? கம்பெனி சைலன்சர் மாட்டிய வண்டியில். சைலன்சர் தயாரிப்பவரோ கம்பெனி ஷாக் உள்ள வண்டியில் பார்க்கிறார். இரண்டு பெட்டிகளிலும் ‘இந்த வண்டிக்குப் பொருந்தும்’ என்று அச்சிட்டிருக்கும், இரண்டுமே பொய்யில்லை. ஆனால் புது ஷாக்கும் புது சைலன்சரும் ஒரே வண்டியில் சந்திப்பதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய பொறுப்பு வாங்குபவரிடமும் அவருடைய மெக்கானிக்கிடமும் வந்து சேர்கிறது. ஷாக் ஒரு வேலை, சைலன்சர் ஒரு வேலை என்று பிரித்துப் பார்க்கும் வரை இதற்குத் தீர்வு கிடைக்காது என்பதுதான் என் கருத்து. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. இரண்டையும் ஒன்றாகவும், அசையும் நிலையிலும், சூடான நிலையிலும் அளந்தாக வேண்டும்.

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு அருகே ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளை நடத்தும் ராயல் என்ஃபீல்டு, 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் அறிமுகப்படுத்தி, 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்டர்செப்டர் 650. 648 சிசி, இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கி ஏறிச் செல்லும் இரண்டு சைலன்சர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக். பின் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் 88 மி.மீ. மட்டுமே. பின் டயர் 130/70-18. இதன் உடன்பிறப்பான கான்டினென்டல் ஜிடி 650க்கும் இங்கே சொல்லும் பெரும்பாலானவை பொருந்தும். ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டிலும் கிளாசிக்கிலும் சைலன்சர் வலப்பக்கம் மட்டும் இருப்பதால் தொல்லை பாதியோடு நின்றுவிடுகிறது. ட்வின்னில் இரண்டு பக்கமும் நெருக்கடிதான். மேடுபள்ளச் சாலையில் 88 மி.மீ. பயணம் போதாமல் முதுகில் அடி விழுகிறது என்று ஷாக்கை மாற்றுகிறார்கள். எடை குறையவும் சத்தம் மாறவும் சைலன்சரை மாற்றுகிறார்கள். ஒரே வண்டியில் இரண்டையும் மாற்றுபவர்கள் ஏராளம். அதனால்தான் இந்த ஆய்வுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெட்டியில் எழுதாத அளவுகள்

ஷாக் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி நீளம்: மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை எத்தனை மி.மீ.? 320 என்றால் 320 எடுத்துக் கொடுத்துவிடுவார். இந்த அளவு அவசியமானதுதான், ஆனால் இது மட்டும் போதாது. முழுக்க அமுங்கினால் ஷாக் எவ்வளவு குட்டையாகிறது என்பதுதான் டயரை மட்கார்டுக்கு அழைத்துச் செல்லும் அளவு. எடுத்துக்காட்டாக, 320 மி.மீ. ஷாக்கின் தண்டு 75 மி.மீ. உள்ளே போனால் அமுங்கிய நீளம் 245. அதே 320 நீளத்தில் 90 மி.மீ. உள்ளே போகும் ஷாக் வந்தால் அமுங்கிய நீளம் 230 ஆகிவிடும். நின்ற நிலையில் இரண்டு ஷாக்கும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கும்போதுதான் 15 மி.மீ. வித்தியாசம் வெளியே வரும். ஷாக் சாய்ந்து நிற்பதால் சக்கரத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த ஷாக்கில் 10 மி.மீ. மாற்றம் கீழ் போல்ட் இருக்கும் இடத்தில் சுமார் 11.5 மி.மீ. ஆகிறது, ஆக்சில் அந்த போல்ட்டுக்கும் பின்னால் தள்ளி இருந்தால் அதற்கும் மேலே. மட்கார்டின் உட்புறம் டயர் தேய்த்த கறுப்புக் கோடு தெரிந்தால் ஷாக்கின் நீளத்தைக் குறை சொல்லாதீர்கள். தண்டு போகும் தூரத்தைக் கேளுங்கள். தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் நிறுத்தி எவ்வளவு தடிமன் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது ஸ்பிரிங்கின் வெளிவிட்டம். கம்பெனி ஷாக்கை விட வெளி ஷாக்கின் ஸ்பிரிங் பருமனாக இருப்பது சாதாரணம். அதைப் பிடித்திருக்கும் வளையமும், இறுக்கத்தை மாற்றும் மரை வளையமும் அதையும் விட அகலம். இடப்பக்கம் செயின் கவர், சாரி கார்டு. வலப்பக்கம் பிரேக் ஹோஸ். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. வெளிநாட்டில் வடிவமைத்த ஷாக்கை அங்கே சோதித்தவர்கள் சாரி கார்டு உள்ள வண்டியில் சோதித்திருக்க வழியில்லை. அதனால் இங்கே வந்ததும் முதல் இடி அந்தக் கம்பியில்தான். கார்டைக் கழற்றிப் போட்டுவிடுவது எளிது. பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதைச் செய்யக் கூடாது. கார்டின் பட்டையை லேத்தில் கொடுத்து ஒரு விரல் அளவு வெளியே தள்ளி வளைத்தால் வேலை முடிந்தது.

ஸ்பிரிங்கின் பருத்த முனை கீழே செயின் கவரில் உரசினால் ஷாக்கைத் தலைகீழாக மாட்டலாமே என்று தோன்றும். எண்ணெயையும் வாயுவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் கேஸ் ஷாக்கில் இது சாத்தியம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் கொண்ட பழைய வகையில் முடியாது: கவிழ்த்தால் அடி வால்வுக்குள் காற்று புகுந்து ஷாக் வெறும் ஸ்பிரிங்காகிவிடும். எந்த வகை என்று தெரியாமல் கவிழ்க்கக் கூடாது.

வாயுக் குப்பி தனிக் கதை. இன்டர்செப்டரின் கம்பெனி ஷாக்கிலேயே மேல்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு குப்பி உண்டு. வெளி ஷாக்கில் அது இன்னும் நீளமாக, தடிமனாக வரலாம். பின்பக்கம் பார்த்தால் பக்கப் பெட்டியிலோ அதன் கம்பியிலோ இடிக்கும். முன்பக்கம் பார்த்தால் ஃபுட்ரெஸ்ட் தாங்கியிலோ பக்க மூடியிலோ இடிக்கும். குப்பியின் திசையை மாற்ற ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. இடது ஷாக்கை வலதிலும் வலது ஷாக்கை இடதிலும் மாட்டினால், திருகும் குமிழ்கள் வெளிப்பக்கமே இருக்க, குப்பி முன்னிருந்து பின்னுக்கோ பின்னிலிருந்து முன்னுக்கோ மாறிவிடும். வாஷர் வாங்கப் போவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இது. ஆனால் குப்பி சைலன்சருக்குப் பக்கத்தில் போய் உட்காரக் கூடாது. குப்பியிலுள்ள எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போகும். நீர்த்துப்போனால் ஷாக் பிடிப்பை இழக்கும். தொடாமல் இருந்தாலும் சூட்டின் வீச்சிலிருந்து அதைத் தள்ளி வைத்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இடித்தால் மெக்கானிக் கையில் எடுப்பது வாஷர். ஷாக்கை வெளியே தள்ளுவதுதான் உலகெங்கும் நடக்கும் வைத்தியம், அது சரியான வைத்தியமும்கூட. ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, மேலே எத்தனை மி.மீ. தள்ளினோமோ கீழேயும் அத்தனை தள்ள வேண்டும். கீழே இடிக்கிறது என்று கீழே மட்டும் வாஷர் போட்டால் ஷாக் பக்கவாட்டில் சாய்கிறது. தண்டு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சீல் கிழிந்து, எண்ணெய் கசியும். ரப்பர் புஷ் ஓரளவு சாய்வைப் பொறுத்துக்கொள்வதால் மாட்டிய அன்று எதுவும் தெரியாது.

இரண்டாவது நிபந்தனை போல்ட்டைப் பற்றியது. ஷாக் நிற்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளவை. மறுமுனை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். ஷாக்கின் நடுக்கோடு ஃபிரேமிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தது 25 மி.மீ. ஆனால், போல்ட்டை வளைக்கும் திருப்பு விசை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். 10 மி.மீ. வாஷர் என்பது கண்ணுக்குச் சின்னது. போல்ட்டுக்கு அது பெரிய சுமை. எனவே தலையில் 8.8 என்று பொறித்த உயர்தர போல்ட், சுற்றி இடைவெளி விடாமல் உட்காரும் ஒரே துண்டு ஸ்பேசர். நாலைந்து வாஷரை அடுக்குவது தவறு: அவை ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து தேய்ந்து, போல்ட் தளரும். லேத்தில் கொடுத்தால் ஒரு ஸ்பேசர் கடைந்து தர அதிக நேரம் ஆகாது; சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கவே இருக்கின்றன. 5, 6 மி.மீ.க்குள் முடிந்தால் நல்லது. 10க்கு மேல் தேவைப்பட்டால், அந்த ஷாக் அந்த வண்டிக்கு உரியதில்லை என்பதே என் தீர்ப்பு.

உரசலைத் தவிர்க்கவோ வண்டியை உயர்த்திக் காட்டவோ நீளமான ஷாக் போடுபவர்கள் வேறு கணக்கைப் பார்க்க வேண்டும். இன்டர்செப்டரின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே சுமார் 1,400 மி.மீ. பின்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் முன்னோக்கி 0.8 டிகிரி சாயும்; முன் ஃபோர்க்கின் சாய்வு அந்த அளவு குறைந்து, நேராக ஓடும் குணத்தைத் தரும் டிரெயில் அளவு சுமார் 5 மி.மீ. சுருங்கும். வளைவில் வண்டி சட்டென்று திரும்பும். நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்சம் நிலைகொள்ளாமல் இருக்கும். சுவிங் ஆர்ம் கீழே தொங்குவதால் செயின் அதன் முன்முனையிலுள்ள ரப்பரை அறுக்கத் தொடங்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் தரையைத் தொடும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். ஒரு இடைவெளியைச் சரிசெய்யப் போய் நான்கு இடைவெளிகளைக் கெடுத்த கதை இது.

சூடானால் நீளும்

சைலன்சர் பக்கம் வருவோம். ஷாக்கைப் போல இது துள்ளுவதில்லை என்பதால் பலரும் இதை அசையாத பொருளாக நினைத்து மாட்டுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் சுமார் 1.7 மி.மீ. நீளும். 600 மி.மீ. பெண்ட் பைப் 400 டிகிரி சூடேறினால் 4 மி.மீ. நீண்டிருக்கும். சாதா இரும்பு என்றால் 3 மி.மீ. அளவுக்கு. இன்ஜின் தலையில் ஃபிளேஞ்ச் இறுகப் பிடித்திருப்பதால் நீளும் இரும்பு பின்னோக்கித்தான் போகும். ஆறிய நிலையில் ஃபுட்ரெஸ்ட் தாங்கிக்கும் சைலன்சருக்கும் நடுவே 3 மி.மீ. இருந்தால், அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு அங்கே இடைவெளியே இருக்காது. காலையில் பட்டறையில் எந்தச் சத்தமும் இல்லாமல், மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் ‘டக் டக்’ என்று தட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் பைப்பும் சைலன்சரும் சந்திக்கும் வழுக்கு மூட்டும், தாங்கியில் ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றன. ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு ஸ்பேசர் போட்டு இறுக்கினால் சைலன்சர் அசையாது. அசைய வேண்டியது அசையாதபோது வெல்டிங் வெடிக்கும். சைலன்சரின் தாங்கிப் பட்டை வெடித்து வந்தால், திரும்ப வெல்டு வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பின் தாங்கி போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சர் இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. சட்டென்று விலகித் தாவினால் அதை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மாட்டும் வரிசையிலேயே இதைத் தவிர்க்கலாம். எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றி, முழுத் தொகுதியையும் தளர்வாகத் தொங்கவிட்டு, இடைவெளிகளைச் சரிபார்த்து, இன்ஜின் தலையின் ஃபிளேஞ்சை முதலிலும், நடுக் கிளாம்பை அடுத்தும், பின் தாங்கியைக் கடைசியிலும் இறுக்க வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினால் அத்தனை இழுவையும் இன்ஜின் தலையிலுள்ள ஸ்டட்டுகள்மேல் விழும்.

சைலன்சர் ஷாக்கின் கீழ் போல்ட்டையோ ஆக்சில் நட்டையோ தொடுவதுதான் அடிக்கடி நேர்வது. இங்கே கண் ஏமாறும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்குகிறது. போல்ட் சைலன்சருக்குக் கீழே எங்கோ இருக்கும், பிரச்சினையே தெரியாது. இருவர் உட்கார்ந்ததும் சுவிங் ஆர்ம் மேலேறி, போல்ட்டின் தலை சைலன்சரின் உட்பக்கத்தை ஒட்டி வரும். பள்ளத்தில் இன்னும் மேலே போகும். ஆகவே முழுப் பயணத்தையும் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று சொல்ல முடியும். பைப் நுழையும் வாய் நடுவில் இல்லாமல் ஓரமாக வைத்த சைலன்சர்கள் உண்டு. அவற்றைக் கிளாம்பைத் தளர்த்திச் சற்றே சுழற்றினாலே உடம்பு முழுவதும் வெளியேயோ கீழேயோ நகரும். அதுவும் போதாவிட்டால் தாங்கியில் ஸ்பேசர்.

ஆனால் சைலன்சரை வெளியே தள்ளுவதற்கும் விலை உண்டு. வளைவில் வண்டி எத்தனை டிகிரி சாய்ந்தால் சைலன்சர் தரையைத் தொடும் என்பது அதன் அடிப்பாகத்தின் உயரத்தையும், சக்கர நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையும் பொறுத்தது. உயரம் 200, வெளித்தள்ளல் 280 மி.மீ. என்றால் கணக்கில் சுமார் 35.5 டிகிரி. 15 மி.மீ. வெளியே தள்ளினால் 34க்கு இறங்கும். அதோடு குட்டை ஷாக் போட்டு 20 மி.மீ. தாழ்த்தினால் 31.5. டயரின் வளைவும் ஷாக் அமுங்குவதும் இந்த எண்களை மாற்றும். போகிற திசை மாறாது. சைலன்சர் தரையில் பட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வண்டி கையை விட்டுப் போய்விடும்.

இரண்டு பைப்பும் இன்ஜினுக்கு அடியில் சேர்ந்து ஒரே சைலன்சராக வலப்பக்கம் வெளியேறும் ‘டூ இன்டு ஒன்’ அமைப்பு இப்போது பிரபலம். எடை குறைகிறது, இடப்பக்க ஷாக்குக்கு வேண்டிய இடம் கிடைக்கிறது. நெருக்கடி முழுவதும் வலப்பக்கமும் அடியிலும் போய்ச் சேருகிறது. பிரேக் பெடலின் அசைவைப் பாருங்கள். பெடலை முழுக்க அமுக்கினாலும் பைப்பைத் தொடக் கூடாது. சென்டர் ஸ்டாண்டைப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். கம்பெனி சைலன்சரிலேயே சென்டர் ஸ்டாண்டின் நிறுத்தி இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் சைலன்சரை மட்டும் மாற்றினால் ஸ்டாண்ட் மேலேறிச் செயினிலோ டயரிலோ போய் இடிக்கும். தனியே ஒரு ரப்பர் நிறுத்தி வைக்காமல் ஓட்டக் கூடாது. பைப்புக்கு அருகே பிரேக் ஹோஸ் போகிறதா என்றும் பாருங்கள். டாட் 4 பிரேக் எண்ணெய்க்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி என்பது தரத்தில் குறித்த கொதிநிலை. கொதித்த எண்ணெய் உள்ள பிரேக் பிடிக்காது. ஆக்ஸிஜன் சென்சாரின் வயருக்கும் இதே எச்சரிக்கை. சென்சார் தலைகீழாகவோ படுத்தோ இல்லாமல், கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்நோக்கி இருந்தால்தான் பைப்பில் குளிர்ந்து திரளும் நீர் அதில் தேங்காது.

அடியில் போகும் பைப் என்றதும் எல்லோரும் அஞ்சுவது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 1,400 மி.மீ. இடைவெளியில் இரண்டு சக்கரங்களும் அந்த வளைவின்மேல் நிற்கும்போது, நடுவில் மேடு எழுவது 14 மி.மீ. மட்டுமே. விதிப்படி கட்டிய வேகத்தடையில் எந்தச் சைலன்சரும் உரசாது. நம் தெருக்களில் உரசக் காரணம், இரண்டடி அகலத்தில் கூர்மையாகக் குவித்து வைத்த மேடுகள். அங்கே மேட்டின் முழு உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வந்துவிடும். இன்டர்செப்டரின் தரை இடைவெளி 174 மி.மீ. என்கிறது கம்பெனி, இருவர் உட்கார்ந்தால் அதில் இன்னும் 20, 30 மி.மீ. இறங்கும். புதுப் பைப் கம்பெனிப் பைப்பை விட எவ்வளவு கீழே தொங்குகிறது என்று அளந்த பிறகே உங்கள் தெருவுக்கு அது ஒத்துவருமா என்று முடிவெடுக்க முடியும்.

அளக்கும் முறை

நல்ல பட்டறைகள் செய்வது இதுதான். ஷாக்கின் அமுங்கிய நீளத்துக்குச் சரியாக இரண்டு துளையிட்ட ஒரு ஃபிளாட் இரும்புப் பட்டையை ஷாக்குக்குப் பதிலாக மாட்டுகிறார்கள். சக்கரம் மேல் எல்லையில் நின்றுவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும், மட்கார்டுக்கு அடியில் ஓடும் வயர்களுக்கும், நம்பர் பிளேட் போல்ட்டுகளுக்கும் உள்ள இடைவெளியை அப்போது நிதானமாக அளக்கலாம். அடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றிய ஷாக்கை சைலன்சரோடு சேர்த்து மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளியைப் பார்க்கிறார்கள். ஸ்பிரிங் இல்லாமல் பார்க்கும்போது அதன் வெளிவிட்டத்தை மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கென்று உள்ள அமுக்கி தேவை. அமுங்கிய ஸ்பிரிங் கைதவறினால் எலும்பை உடைக்கும், வீட்டு வாசலில் செய்யும் வேலை இதில்லை. கண்ணுக்கு எட்டாத இடுக்கில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவைத்து, அசைத்துப் பார்த்து, நசுங்கிய தடிமனை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எவ்வளவு இருந்தால் போதும்? ஃபிரேமோடு சேர்ந்து நிற்கும் இரண்டு பாகங்களுக்கு இடையே 5 மி.மீ., அசையும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் இடையே பயணத்தின் எந்த நிலையிலும் 10 மி.மீ., மேல் எல்லையில் டயருக்கு 15 மி.மீ., சூடான பைப்புக்கும் ஹோஸ் அல்லது வயருக்கும் இடையே 30 மி.மீ. இவை நான் நம்பும் அளவுகள். கடைசி அளவு கிடைக்காத இடத்தில் சூடு தடுக்கும் தகடு வைக்க வேண்டும். டயரை 130இலிருந்து 140, 150 என்று பெரிதாக்கியிருந்தால் இத்தனையையும் மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பராமரிப்புக்கான வழி. புதுச் சைலன்சர் மாட்டிய பிறகு ஆக்சிலை வெளியே உருவ முடிகிறதா, செயின் இறுக்கும் திருகுக்கு ஸ்பேனர் போகிறதா, ஆயில் வடிக்கும் போல்ட்டைத் தொட முடிகிறதா? ஊருக்கு வெளியே பஞ்சரானபின் சைலன்சரைக் கழற்றாமல் சக்கரம் வராது என்று தெரிந்துகொள்வது கொடுமை.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

இடிக்கிறது என்று தெரிந்ததும் கிரைண்டரை எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செயின் கவரின் பிளாஸ்டிக் ஓரத்தைச் செதுக்குவதில் தவறில்லை. தகட்டுத் தாங்கியைப் புதிதாகச் செய்துகொள்வதிலும் தவறில்லை. சுவிங் ஆர்மையோ ஃபிரேமையோ, ஷாக்கின் போல்ட் நிற்கும் காதையோ தொடவே கூடாது. அங்கே 2 மி.மீ. தேய்த்தாலும் விரிசல் தொடங்க இடம் கொடுத்தாயிற்று. அந்த விரிசல் பெயின்டுக்கு அடியில் வளரும், உடைந்த பிறகுதான் தெரியும்.

பைப்பை லேசாக நசுக்கி இடம் எடுப்பது பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் 38 மி.மீ. பைப்பில் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு தட்டை விழுந்தால், அந்த இடத்தில் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். ஓட்டத்தில் அதை உணர்வது கடினம். தரை இடைவெளிக்காகப் பைப்பின் அடியைத் தட்டையாக்கியே வெளியிட்ட கம்பெனி வண்டிகளும் உண்டு. எனவே வேறு வழியில்லாதபோது, சூடேற்றி, உருண்டையான அச்சை வைத்து அமுக்கி, மென்மையாகச் செய்யலாம். சுத்தியலால் அடித்து மடிப்பு விழவைத்தால் மடிப்பில் வெடிக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றின் வயிறு பெருத்த சேம்பரில் உள்ள கொள்ளளவும் வடிவமும் இன்ஜினின் இழுவையோடு இசைந்தவை; அங்கே இடம் வேண்டுமென்றால் தாங்கியைத்தான் மாற்ற வேண்டும். அதேபோல், அடியில் பெட்டிபோல் பெருத்திருக்கிறது என்பதற்காகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுப்பது எந்த வண்டியிலும் நியாயமில்லை. அது காற்றுக்காக வைத்தது.

சட்டத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வியை முடிக்க முடியும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். உள்ளே அடைப்பான் இல்லாத வெற்றுக் குழாயை எவ்வளவு அழகாக, எவ்வளவு இடைவெளியோடு மாட்டினாலும் அது தெருவில் இருப்பவர்களுக்குத் தொல்லை. மருத்துவமனை வாசலிலும் பள்ளி வாசலிலும் அதைக் கேட்க நேர்ந்த யாரும் மறுக்க மாட்டார்கள். வண்டிக்காரர் தன் சொந்த சுகத்துக்காக மாற்ற வேண்டியது எது என்று கேட்டால், ஷாக்குக்கு என் வாக்கு முதலில். சைலன்சருக்கு, ஒலி வரம்புக்குள் நிற்கும் சான்று இருந்தால் மட்டும்.

இதில் விற்பவர்கள் செய்ய வேண்டிய ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. ஷாக் பெட்டியின்மேல் நீளத்தோடு சேர்த்து, தண்டு போகும் தூரம், அமுங்கிய நீளம், ஸ்பிரிங்கின் அதிகபட்ச வெளிவிட்டம் ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். சைலன்சர் பெட்டியின்மேல், கம்பெனிச் சைலன்சரை விட அது எவ்வளவு உள்ளே, எவ்வளவு கீழே வருகிறது என்று எழுதுங்கள். எந்த ஷாக்கோடு, எந்த சைலன்சரோடு மாட்டிச் சோதித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாங்குபவர்கள், இந்த எண்களைச் சொல்லத் தெரியாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள். மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கி, உரசல் தடம் எங்கேனும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.